பூசணி கேசரோல்: எந்தக் காய், எந்தப் பக்குவம், எந்தக் கலவை?

இலையுதிர்காலச் சாப்பாட்டுக்கென்று, காய்த்துண்டுகளைப் பாலோ முட்டையோ சேர்ந்த சாஸில் கலந்து ஓவனில் சுட்டெடுக்கும் பூசணி கேசரோல் சரியாக அமையாமல் போனால், அதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும், அது நீர். கரண்டியால் வெட்டி எடுத்த இடத்தில் மஞ்சள் நீர் தேங்கும், மொறுமொறுவென்று இருக்க வேண்டிய மேற்பரப்பு ஊறிப்போகும், போட்ட உப்பும் காயின் இனிப்பும் நாக்கில் நிற்காது. சமையல் குறிப்புகள் பலவும் சீஸின் அளவையும் மணப்பொருள்களையும் பற்றி விரிவாகப் பேசுகின்றன. காயிலுள்ள நீரை எப்போது, எந்த வழியில் வெளியேற்றுவது என்பதை மட்டும் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. ஆகவே காயின் வகை, முன்பக்குவம், பிணைக்கும் கலவை, மேலே தூவுவது ஆகிய எல்லாவற்றையும் இங்கே அந்த ஓர் அளவுகோலைக் கொண்டே ஒப்பிடுகிறேன்.

தமிழில் பூசணி என்ற சொல் வெண்பூசணியையும் குறிக்கும் என்பதால் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. வெண்பூசணி வேறொரு பேரினத்தைச் சேர்ந்தது. இந்த உணவுக்கு உரியவை குக்குர்பிட்டா பேரினத்துக் காய்கள். இவற்றில் சுக்கினி, மஞ்சள் கோடைப்பூசணி போன்றவை விதை முற்றுவதற்கு முன்பே, தோல் இளசாக இருக்கும்போது பறிக்கப்படுகின்றன. பட்டர்நட், கபோச்சா, ஏகார்ன் போன்றவை கொடியிலேயே முற்றி, நகம் இறங்காத அளவுக்குத் தோல் இறுகிய பிறகு பறிக்கப்படுகின்றன. பின்னவற்றுக்குக் குளிர்காலப் பூசணி என்ற பெயர் அவை விளையும் பருவத்தால் வந்ததன்று. இலையுதிர்காலத்தில் அறுவடை செய்ததைக் குளிர்காலம் வரை கெடாமல் வைத்திருக்கலாம் என்பதால் வந்தது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சிறு கணக்கு காட்டிவிடும். கோடை வகையில் ஏறத்தாழ 95 சதவீதம் நீர்; பட்டர்நட்டில் ஏறத்தாழ 86 சதவீதம். எண்களைப் பார்த்தால் பெரிய இடைவெளி இல்லாதது போலத் தோன்றும். ஆனால் ஒரு கிலோ சுக்கினியில் நீர் போக எஞ்சுவது 50 கிராம்; ஒரு கிலோ பட்டர்நட்டில் எஞ்சுவது 140 கிராம். ஒரே அளவு பாத்திரத்தை நிரப்பினாலும், கோடை வகையில் செய்த கேசரோலில் காயின் சாரம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும் என்று இதற்குப் பொருள். கோடை வகையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், வட்டமாக நறுக்கி உப்புத் தூவி அரை மணி நேரம் வடிதட்டில் வைத்து, பிறகு துணியில் அழுத்திப் பிழிந்தெடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் மென்மையான, இலேசான ஓர் உணவு கிடைக்கும். ஆனால் குளிர் தொடங்கும் நாட்களில் நாம் எதிர்பார்க்கும் அடர்த்தியும் இனிப்பும் அதில் வாரா.

குளிர்கால வகைகளுக்குள் உண்மையான போட்டி பட்டர்நட்டுக்கும் கபோச்சாவுக்கும் இடையில்தான். பட்டர்நட்டின் பெரிய வசதி அதன் கழுத்து. விதையே இல்லாத அந்தப் பகுதி முழுவதும் ஒரே சீரான சதை. தோலைச் சீவியால் எளிதாக நீக்கிவிடலாம். இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக ஒரே அளவில் நறுக்க முடிவதால் எல்லாத் துண்டுகளும் ஒரே நேரத்தில் வேகும். தோல் சீவும்போது கையில் பசை படிந்து இறுகுவது சிலருக்குத் தொல்லையாக இருக்கும். அவர்கள் கையுறை அணிந்துகொள்ளலாம். கபோச்சாவின் சதை இதைவிட உலர்ந்தது, மாவுத்தன்மை மிகுந்தது, வெந்தபின் செஸ்ட்நட் கொட்டையை நினைவூட்டும் சுவை கொண்டது. நீரை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் வெற்றி கபோச்சாவுக்குத்தான். ஆனால் உலர்ச்சி அளவு மீறும்போது அதுவே குறையாகிவிடுகிறது: பட்டர்நட்டுக்குப் போதுமான சாஸைக் கபோச்சா முழுவதுமாக உறிஞ்சிக்கொண்டு, விழுங்கும்போது தொண்டையில் ஒட்டும் பிண்டமாக மாறிவிடும். கபோச்சாவைத் தேர்ந்தெடுப்பவர் பாலின் அளவைக் கால் பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும். தவிர, பறித்த உடனே அதில் மாவுச்சத்தே மிகுந்திருக்கும். சில வாரங்கள் இருப்பில் இருக்கும்போதுதான் அந்த மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறி இனிப்பு கூடும். பருவத்தின் தொடக்கத்தில் வாங்கிய காய்க்கும் ஒரு மாதம் கழித்து அறுக்கும் காய்க்கும் சுவையில் வேறுபாடு தெரிவதற்குக் காரணம் இதுதான்.

முதன்முறை செய்பவருக்கு நான் பட்டர்நட்டையே சொல்வேன். கைப்பழக்கம் வந்த பிறகு பாதிக்குப் பாதி இரண்டையும் கலப்பது எல்லாவற்றிலும் சிறந்தது என்பது என் கருத்து. ஒன்று குழைந்து சாஸோடு சேர, மற்றொன்று துண்டாக நிற்கும்.

மற்ற வகைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏகார்ன் காயின் வரிப்பள்ளங்களில் தோல் சீவுவது பெரும்பாடு, சதையிலும் நார் அதிகம். அதைப் பாதியாகப் பிளந்து உள்ளே ஏதேனும் நிரப்பிச் சுடுவதே அதற்குப் பொருத்தம். ஸ்பகெட்டி பூசணி இழை இழையாகப் பிரிவதால் அதைக் கொண்டு செய்வது வேறொரு உணவாகிவிடுகிறது. முகம் செதுக்குவதற்காக வளர்க்கப்படும் பெரிய ஆரஞ்சுப் பூசணிகளில் நீரும் நாரும் மிகுதி, சுவை குறைவு. மலிவாகக் கிடைத்தாலும் தவிர்த்துவிடலாம். உறைந்த துண்டுகளை வாங்குபவர் அவற்றை இளக வைக்காமல் அப்படியே சூடான தட்டில் பரப்பி ஓவனில் வைக்க வேண்டும். உறையும்போது செல்கள் உடைந்திருப்பதால், இளகினால் நீர் ஒழுகத் தொடங்கிவிடும். எந்த வகையானாலும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்ப்பது கட்டாயம். கடுமையான கசப்புத் தெரிந்தால் அது குக்குர்பிட்டாசின் என்னும் நச்சுப்பொருளின் அடையாளம். வேகவைத்தாலும் அது நீங்காது என்பதால் காய் முழுவதையும் எறிந்துவிட வேண்டும்.

அடுத்து முன்பக்குவம். கேசரோலின் தலைவிதி இங்கேதான் தீர்மானமாகிறது என்று நான் நம்புவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நீரில் வேகவைத்தல், ஆவியில் வேகவைத்தல், ஓவனில் வாட்டுதல், பச்சைத் துண்டுகளை நேரடியாகக் கலவையில் சேர்த்தல் என நான்கு வழிகள் உண்டு. நீரில் வேகவைப்பது விரைவானது. ஆனால் ஏற்கெனவே நீர் மிகுந்த காய்க்கு மேலும் நீர் ஏற்றுவதோடு, அதன் சர்க்கரையில் ஒரு பகுதியைக் கொதிநீருக்குத் தாரைவார்க்கும் வழியும் அதுதான். ஆவி இதைவிட மேல், சர்க்கரை காயிலேயே தங்கும். ஆயினும் நீர் வெளியேறுவதில்லை. அதோடு, இவ்விரண்டு வழிகளிலும் காய் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதில்லை. உணவின் மேற்பரப்பு பொன்னிறமாகச் சிவந்து மணம் எழும் வினைகள் ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல்தான் வேகம் பெறுகின்றன. மேற்பரப்பு உலராத வரையில் அந்த வெப்பம் அதற்கு எட்டாது.

ஓவனில் 200 டிகிரியில், எண்ணெய் புரட்டிய துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அகலமான தட்டில் பரப்பி, முப்பது முதல் நாற்பது நிமிடங்கள் வாட்டும்போது நீர் வெளியேறுவதும் நிறம் ஏறுவதும் ஒருசேர நிகழ்கின்றன. ஒரு கிலோ துண்டுகளிலிருந்து 250 கிராம் நீர் ஆவியாகிவிட்டதாக வைத்துக்கொள்வோம்: எஞ்சிய 750 கிராமில் சாரம் அதே 140 கிராம், அதாவது 14 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 19 சதவீதமாக அடர்ந்துவிடுகிறது. கூடுதலாகச் சர்க்கரை சேர்க்கத் தேவையில்லை என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். வாட்டிய காயின் சொந்த இனிப்பு போதும். தட்டில் நெருக்கமாகக் குவித்துவிட்டால் வெளியேறும் ஆவியிலேயே துண்டுகள் வெந்துவிடும், வாட்டியதன் பயன் போய்விடும். இரண்டு தட்டுகளாகப் பிரித்து வைக்கச் சோம்பக் கூடாது. பச்சைத் துண்டுகளை நேரடியாகச் சேர்ப்பது வேலையைக் குறைப்பது போலத் தோன்றினாலும், அவற்றின் நீர் முழுவதும் சாஸுக்குள்ளேயே இறங்குகிறது. ஒரு பாத்திரம் கழுவுவதை மிச்சப்படுத்துவதற்காக உணவையே விட்டுக்கொடுப்பதை என்னால் பரிந்துரைக்க இயலாது.

பிணைக்கும் கலவையில் முட்டையும் பாலும் சேர்ந்த கஸ்டர்டு ஒருபுறம், வெண்ணெயில் மாவை வறுத்துப் பால் ஊற்றிக் காய்ச்சும் வெள்ளைச் சாஸ் மறுபுறம். இவ்விரண்டில் எது சிறந்தது என்பதற்கு ஒரே விடை கிடையாது; எப்போது பரிமாறப் போகிறோம் என்பதைப் பொறுத்தே முடிவு செய்ய வேண்டும். வாட்டிய முக்கால் கிலோ காய்க்கு மூன்று முட்டையும் ஒரு கோப்பைப் பாலும் சேர்த்து, 175 டிகிரியில் நடுப்பகுதி இலேசாக அசையும் பதத்தில் எடுத்தால், கத்தியால் சதுரமாக வெட்டி எடுக்கக்கூடிய, வாயில் கரையும் கேசரோல் கிடைக்கும். அந்த மென்மையை வெள்ளைச் சாஸால் தர முடியாது. ஆனால் கஸ்டர்டு பொறுமையற்றது. 80 டிகிரியை ஒட்டி உறையும் முட்டைப் புரதங்கள் மேலும் சூடேறினால் இறுகிச் சுருங்கி, தம்முள் பிடித்து வைத்திருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடுகின்றன. பத்து நிமிடம் கூடுதலாக ஓவனில் இருந்தாலோ, மறுநாள் மீண்டும் சூடாக்கினாலோ, அடியில் நீர் கட்டும்.

வெள்ளைச் சாஸில் நிலைமை நேர்மாறானது. மாவின் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பி அடர்த்தி தருவதால், காயிலிருந்து சிறிது நீர் கசிந்தாலும் அது தாங்கிக்கொள்கிறது, கொதித்தாலும் திரிவதில்லை, சூடாக்கிப் பரிமாறவும் ஏற்றது. ஐம்பது கிராம் வெண்ணெய், நாற்பது கிராம் மைதா, அரை லிட்டர் பால் என்ற அளவு முக்கால் கிலோ வாட்டிய காய்க்குச் சரியாக இருக்கும். மாவின் பச்சை வாசனை போகும் வரை வறுப்பதும், பாலைச் சிறிது சிறிதாக ஊற்றுவதும், நன்கு கொதி வந்தபின் சில நிமிடம் கிளறிக்கொண்டே வைப்பதும் தவறக் கூடாது. அதில் ஜாதிக்காயைத் துருவிச் சேர்த்து, உப்பும் முதிர்ச்சியும் உள்ள கெட்டிச் சீஸை அடுப்பை அணைத்தபின் கலந்தால் பூசணியின் இனிப்புக்கு எதிர்ச்சுவை கிடைக்கும். உறையவைத்துச் சேமிப்பதற்கு மட்டும் இது உகந்ததன்று. இளகும்போது மாவுச் சாஸ் பிரிந்து நீர் விடும். எனவே, சுட்டவுடன் ஒரே வேளையில் தீர்ந்துவிடும் என்றால் கஸ்டர்டு. விருந்தினர் வரும் நேரம் தெரியாது, மறுநாளைக்கும் வேண்டும் என்றால் வெள்ளைச் சாஸ். வெறும் கிரீமை ஊற்றிச் சுடும் முறையும் உண்டு. சுவை மறுக்க முடியாதது, ஆனால் பூசணியின் குரல் அதில் அமுங்கிப்போகிறது.

மேலே தூவுவதில் என் தேர்வு உருக்கிய வெண்ணெயில் பிசறிய ரொட்டித்தூள்தான். அதன் இடைவெளிகள் வழியே ஆவி வெளியேற முடியும். மேற்பரப்பு முழுவதையும் சீஸால் மூடினால், உருகிய அந்தப் படலம் மூடிபோல அமர்ந்து ஆவியை உள்ளேயே நிறுத்திவிடுகிறது. சீஸ் வேண்டுமென்றால் ரொட்டித்தூளோடு துருவலாகக் கலக்கலாம். உடைத்த வால்நட்டைக் கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் தூவ வேண்டும், முன்பே தூவினால் கருகிக் கசக்கும்.

பாத்திரத்தைப் பொறுத்தவரை ஆழத்தைவிட அகலமே நன்று. 23 சென்டிமீட்டருக்கு 33 சென்டிமீட்டர் தட்டில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் நிரப்பாமல் இருந்தால் ஓரமும் நடுவும் ஏறத்தாழ ஒன்றாக வேகும். பீங்கானும் கண்ணாடியும் சூட்டை நெடுநேரம் காக்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கண்ணாடிப் பாத்திரத்தை நேரே சூடான ஓவனுக்குள் வைத்தால் அது உடைந்து சிதறக்கூடும் என்பதை மறக்கலாகாது.

முந்தைய நாளே தயாரிக்க விரும்புவோர், வாட்டிய காயையும் சாஸையும் தனித்தனியே குளிர்பெட்டியில் வைத்து, சுடும் நேரத்தில் கலப்பது நல்லது. சேர்த்து வைத்தால் சாஸின் உப்பு இரவெல்லாம் காயிலிருந்து நீரை இழுக்கும். மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாட்களுக்குள், நடுப்பகுதி 74 டிகிரி வரை சூடேறும்படி மீண்டும் சுட்டுச் சாப்பிட வேண்டும். வெள்ளைச் சாஸாயினும் கஸ்டர்டாயினும், ஓவனிலிருந்து எடுத்தவுடன் கரண்டியைப் போடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே விடுங்கள். கொதிப்பு அடங்கி, கலவை இறுகி, மிச்சமிருக்கும் கசிவும் அதற்குள் உள்ளேயே அடங்கிவிடும்.