இன்ஃப்ளோவா, இன்ஃப்ளக்ஸா?

இந்த ஆங்கிலச் சொற்கள் (inflow, influx) இரண்டுமே உள்ளே பாய்ந்து வருவதைக் குறிப்பவைதான். மொழிபெயர்ப்பவர்கள் தடுமாறுவதும் அதனால்தான்.

பிறப்பு: இன்ஃப்ளோ, ஆங்கிலத்தின் சொந்தச் சொற்கள் சேர்ந்தது. இன்ஃப்ளக்ஸ் லத்தீன் வழி வந்தது. இன்ஃப்ளுயன்ஸ், இன்ஃப்ளுயன்சா எல்லாம் அதன் உறவுகள்.

எதிர்ச்சொல்: முன்னதற்கு அவுட்ஃப்ளோ. பின்னதற்கு எஃப்ளக்ஸ், அறிவியலுக்கு வெளியே அரிது.

தொனியில்தான் பெரிய வேறுபாடு. அணைக்கு வரும் தண்ணீர், கணக்கில் சேரும் பணம் என அளந்து சொல்லக்கூடியது இன்ஃப்ளோ. தமிழில் நீர்வரத்து, பணவரத்து. சுற்றுலாப் பயணிகள் திடீரெனத் திரண்டு வந்தால் இன்ஃப்ளக்ஸ். அதற்கு வெறும் 'வருகை' போதாது, 'பெருவரவு' வேண்டும். அகதிகளைப் பற்றி என்றால் மட்டும் 'வெள்ளம்' என்று எழுதாதீர்கள், அவர்கள் மனிதர்கள்.