மும்பை மட்டன் ஸ்ட்ரீட்: பழைய பீங்கான் வாங்க நல்ல இடமா?

மும்பையின் பழைய சாமான் சந்தையான சோர் பஜாரில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருப்பது மட்டன் ஸ்ட்ரீட்டில். மாதுங்கா, சயான் பக்கம் இருப்பவர்கள் சென்ட்ரல் லைன் ஸ்லோ ரயிலில் சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டில் இறங்கி நடக்கலாம். வெஸ்டர்ன் லைனில் வருபவர்களுக்கு கிராண்ட் ரோடு. வெள்ளிக்கிழமை கடை மூடியிருக்கும்.

கையால் வரைந்த ஜப்பான் பீங்கானுக்கு இந்தத் தெரு அருமையான இடம். ஜெர்மனியின் பேர்பெற்ற 'மைசன்' பீங்கான் என்று சொல்லி எடுத்து நீட்டுவதை மட்டும் இங்கே வாங்காதீர்கள்.

இவ்வளவு பீங்கான் இந்த ஊருக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பம்பாய்ப் பார்சி வியாபாரிகள் பருத்தியும் அபினும் கொண்டு சீனத் துறைமுகமான கான்டனுக்குப் போய்வந்தார்கள். சீனப் பட்டும் பீங்கானும் அவர்கள் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. 1893இல் ஜப்பானின் என்.ஒய்.கே. கம்பெனி பம்பாய்க்குக் கப்பல் விட, ஜப்பானோடும் போக்குவரத்து பெருகியது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் செட்டிநாட்டு வீட்டுச் சாமான் வருவதைப் போல, இங்கே பழைய பம்பாய் வீட்டுச் சாமான் வருகிறது.

இங்கே தேட வேண்டியது மெல்லிய ஜப்பான் டீ செட். கோப்பையைக் கவிழ்க்காமல் அப்படியே வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி உள்ளே பாருங்கள். சிலவற்றின் அடியில் ஒரு பெண் முகம் தெரியும். அது வரைந்த படம் அல்ல. பீங்கானையே சில இடத்தில் மெல்லியதாகவும் சில இடத்தில் தடிப்பாகவும் வார்த்திருப்பார்கள். ஒளி ஊடுருவும்போது முகம் எழும். வெளிப்புறத்தில் டிராகன் புடைத்து நின்றால், நீர்த்த களிமண்ணைக் குழாயால் பிழிந்து வைத்த வேலை. அந்தச் செதில்களின் நுனி உடைந்திருக்கிறதா என்று விரல் நுனியால் தடவுங்கள். இவற்றில் பெரும்பாலானவை 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. கடைக்காரர் 'இருநூறு வருஷம்' என்றால் அந்த விலை கொடுக்க வேண்டாம்.

ஜப்பான் சரக்கின் காலத்தை ஓரளவு அடிமுத்திரை சொல்லும். அமெரிக்கச் சுங்கச் சட்டத்தால் 1891 முதல் 1921 வரை ஏற்றுமதிப் பொருளில் 'நிப்பான்' (ஜப்பானியர் தங்கள் நாட்டுக்குச் சொல்லும் பெயர்) என்று போட்டார்கள், பிறகு 'ஜப்பான்'. 'ஆக்குபைடு ஜப்பான்' என்றிருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1952க்குள். ஆனால் இது அமெரிக்கா போன சரக்குக்கான விதி. பம்பாய்க்கு வந்ததில் முத்திரையே இல்லாமல் இருக்கலாம், அதனால் பழசு என்றும் ஆகாது, போலி என்றும் ஆகாது. இன்னொரு குழப்பம் சத்சுமா என்ற ஜப்பான் சரக்கு. இளமஞ்சள் உடம்பில் வலைபோல் வெடிப்பு ஓடும், ஒளி ஊடுருவாது. அது பீங்கானே அல்ல, மண்பாண்ட வகை. அழகுக்காக வாங்கலாம், பீங்கான் விலைக்கு வாங்கக் கூடாது.

மைசன் தொழிற்சாலை 1710இல் தொடங்கியது; குறுக்கு வாள் முத்திரை 1720களில் வந்தது. அன்றிலிருந்தே அதைக் காப்பியடிக்கிறார்கள். உண்மையான வாள் கோபால்ட் நீலத்தில், கண்ணாடி போன்ற மேல் மெருகுக்கு அடியில் இருக்கும். நகத்தை ஓட்டினால் தட்டுப்படாது. தட்டுப்பட்டால் அப்படியே வைத்துவிடுங்கள். தட்டுப்படாவிட்டாலும் அசல் என்று முடிவு கட்டாதீர்கள். நல்ல போலியிலும் வாள் மெருகுக்கு அடியில்தான் இருக்கிறது. வாளின் குறுக்கே வெட்டுக்கோடு கீறியிருந்தால், அது தொழிற்சாலையே இரண்டாம் தரம் என்று ஒதுக்கியது, அல்லது வெள்ளையாக விற்று வெளியாள் வர்ணம் தீட்டியது. முத்திரையை நம்பி இந்தத் தெருவில் பணம் போடாதீர்கள், ஓவியத்தைப் பார்த்துப் போடுங்கள்.

ஓவியம் கைவேலையா என்று பார்க்கப் பத்து மடங்கு லென்ஸ் போதும். சீரான புள்ளிகள் தெரிந்தால் அச்சு. இரண்டுக்கும் இடைப்பட்டதும் உண்டு: கோடுகளை அச்சடித்து உள்ளே மட்டும் கையால் வர்ணம் நிரப்பியது. லென்ஸ் இல்லாவிட்டால் ஒரே செட்டின் இரண்டு கோப்பைகளைப் பக்கத்தில் வைத்து ஒரே இலையைப் பாருங்கள். நரம்புக்கு நரம்பு ஒத்துப்போனால் அச்சுதான். மனிதக் கை ஆறு கோப்பையிலும் ஒரே வளைவைப் போடாது.

பழுதை மறைப்பதில்தான் ஏமாற்றம் அதிகம். கோப்பையை விரல் நுனிகளில் நிறுத்தி, வாய் விளிம்பை நகத்தால் சுண்டுங்கள். கணீரென்றால் நல்லது, மந்தமாகக் கேட்டால் எங்கோ மயிரிழை விரிசல். விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினால் மூளி தெரிந்துவிடும். பூசி மறைத்த இடம் மற்ற இடம்போல் சில்லென்று இருக்காது. கடையின் இருட்டு மூலையில் யூவி டார்ச் அடித்தால் பூச்சு தனி நிறத்தில் ஒளிரும். அடிவளையத்தின் தேய்மானமும் முக்கியம். பல வருஷம் புழங்கியது ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்திருக்கும். சுற்றிலும் ஒரே சீராக இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது. உடைந்ததை அந்தக் காலத்தில் கம்பியால் தைத்துச் சேர்த்த தட்டை ஒதுக்காதீர்கள், விலை குறையும், அழகு குறையாது.

பில்லில் 'விரிசல் இல்லை, பூச்சு இல்லை' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பேரம் பேசாமல் நகருங்கள். கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிக் கட்ட விடாதீர்கள். லோக்கல் ரயில் குலுக்கலில் தங்க விளிம்புதான் முதலில் போகும். சிங்கப்பூர், மலேசியா உறவினர்களுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வயதில் சந்தேகம் என்றால் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்குங்கள்.

போவதற்கு முன் கோட்டைப் பகுதியில் உள்ள சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயாவுக்குப் போங்கள். டாடா குடும்பத்தார் கொடுத்த சீன, ஜப்பான் பீங்கான் அங்கே இருக்கிறது. அதை ஒரு மணி நேரம் பார்த்த கண் மட்டன் ஸ்ட்ரீட்டில் எளிதில் ஏமாறாது.

வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான துணி, அவ்வளவுதான். பிளீச்சிங் வேண்டாம், விரிசலுக்குள் இறங்கி உள்ளிருந்து அரிக்கும். மெருகின் மேல் தீட்டிய வர்ணமும் தங்கமும் குறைந்த சூட்டில் சுட்டவை. பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டால் சில மாதங்களில் மங்கிவிடும்.