அச்சு அசலா, தழும்போடா? பெர்லினின் மூன்று கட்டடங்கள்

குண்டுவீச்சில் சிதைந்த பழைய கட்டடத்தைத் திரும்ப எழுப்பும்போது சண்டை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மூள்கிறது. போனதை அச்சு அசலாகக் கட்டுவதா, சிதைவு தெரிய விட்டுவிட்டுப் புதியதைச் சேர்ப்பதா? பெர்லினில் இரண்டு கட்சியும் வென்றிருக்கின்றன.

நொய்யஸ் அருங்காட்சியகம் இரண்டாவது கட்சி. கட்டடக் கலைஞர் ஸ்டூலர் வடிவமைத்து 1855இல் திறந்த கட்டடம். போருக்குப் பின் நாற்பது ஆண்டு இடிபாடாகவே கிடந்தது. பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் டேவிட் சிப்பர்ஃபீல்ட் அதைச் சீரமைத்து முடித்துக் கொடுத்தது 2009இல். மிஞ்சிய ஓவியத்தையும் பூச்சையும் அப்படியே காப்பாற்றினார். அழிந்ததை யூகித்து வரையவில்லை. நடுக்கூடத்தின் பெரிய படிக்கட்டு எரிந்துபோயிருந்தது. அதே இடத்தில், அதே போக்கில், பளிங்குச் சில்லு கலந்த வெளிறிய கான்கிரீட்டில் புதுப் படிக்கட்டு ஏறுகிறது. ஒரு பூவேலைகூடக் கிடையாது. இருபுறமும் பூச்சு உதிர்ந்த செங்கல் சுவர். இடிந்துபோன வடமேற்குப் பகுதியைப் பழைய கட்டடங்களிலிருந்து எடுத்த கைச்செங்கற்களால் எழுப்பினார்கள். பழையபடியே கட்டவேண்டும் என்று உள்ளூரில் பலமான எதிர்ப்பு இருந்தது. செலவு சுமார் 20 கோடி யூரோ.

ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடமான ரைக்ஸ்டாக் இதற்கு நெருங்கிய உறவு. 1960களின் சீரமைப்பில் பலகை அடித்து மூடிய சுவர்களை, அதைப் புதுப்பித்த பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் திறந்தபோது, 1945இல் சோவியத் வீரர்கள் கரியால் கிறுக்கிய பெயர்களும் ஊர்களும் வெளிவந்தன. அழிக்கச் சொன்ன உறுப்பினர்களும் உண்டு. ஆபாசமானவை போக, பல இன்றும் இருக்கின்றன. புகழ்பெற்ற கண்ணாடிக் குவிமாடம் ஃபாஸ்டரின் முதல் திட்டத்தில் இல்லவே இல்லை என்பது வேடிக்கை. உறுப்பினர்கள் கேட்டுப் பெற்றது அது. 1999 முதல் பொதுமக்கள் அதன் சரிவுப்பாதையில் ஏறி, தங்கள் பிரதிநிதிகளின் தலைக்கு மேலேயே நடக்கிறார்கள்.

எதிர்க்கட்சி, பிரஷ்ய மன்னர்களின் பழைய பெர்லின் அரண்மனை. 1950இல் கிழக்கு ஜெர்மனி அதை வெடிவைத்துத் தகர்த்தது; அங்கே 1976இல் கிழக்கு ஜெர்மனியின் நாடாளுமன்றம் இருந்த குடியரசு மாளிகை எழுந்தது; அதையும் இடித்துவிட்டு 2013இல் அரண்மனையின் பிரதிக்கு அடிக்கல் நாட்டினார்கள். மூன்று பக்கம் பழைய பரோக் பாணியில் சிற்பவேலை நிறைந்த முகப்பு, ஆற்றைப் பார்த்த பக்கம் மட்டும் அலங்காரமில்லாத நவீன முகப்பு. உள்ளே முழுக்க நவீன அருங்காட்சியகம். மணற்கல்லைக் கையால் செதுக்கிய சிற்பிகளின் வேலையில் குறை சொல்ல முடியாது. செலவு ஏறக்குறைய 68 கோடி யூரோ. இந்தக் கட்டடம் பெரியதுதான், நொய்யஸின் செலவோடு நேருக்கு நேர் நிறுத்துவது முழு நியாயம் இல்லை. ஆனாலும் அவ்வளவு பணம் போட்டு வாங்கியது ஒரு தோற்றத்தை. அந்த இடத்தில் 1950க்குப் பிறகு நடந்த எதையும் அந்த முகப்பு சொல்லாது.

சுவர் மிஞ்சியிருந்தால் என் ஓட்டு சிப்பர்ஃபீல்டுக்கு. கூட்டம் புழங்கும் அலுவல் கட்டடமானால் ஃபாஸ்டர் வழி: பழையதைச் சுத்தமாக்கி, புதுப் பகுதியைப் புதிதென்று தெரியும்படி வைப்பது. பிரதி எடுக்கும் வழியை, தெருவின் வடிவமே குலைந்துபோன இடத்தில் மட்டும் யோசிப்பேன். அப்போதும், பிரதிக்காக இடிக்கப்போவது என்ன என்று முதலில் கேட்பேன்.