அகார் தட்டில் அடிச்சாம்பலை 'வளர்த்த' ஆய்வகம்: 24 மாதிரிக் கட்டணம் போச்சு

ரிப்போர்ட் நேற்று ராத்திரி வந்தது. இன்று மூன்று தடவை போன் அடித்தோம், மூன்றாவது தடவை எடுக்கவே இல்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறோம். அடிச்சாம்பல் (டவுனி மில்டியூ, இலையின் அடிப்பக்கம் சாம்பல் மாதிரி படரும் நோய்) கண்ட வெள்ளரி, திராட்சை, வெங்காயம், லெட்டூஸ் என நாலு பயிர், பயிருக்கு ஆறு மாதிரி, மொத்தம் 24. அவ்வளவுக்கும் முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்ட இணையவழிப் பயிர்நோய் ஆய்வகம் ஒன்றைப் பற்றிய பதிவு இது. எப்படித் தப்பிப்பது என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறோம்.

நம்பியது எந்த இடத்தில் என்றால், போனில் பேசியவர் கேட்காமலே "ஐ.டி.எஸ். மட்டும் பத்தாது சார், காக்ஸ்2-வும் சேர்த்துப் பார்ப்போம்" என்றபோது. இரண்டுமே கிருமியை அடையாளம் காண ஒப்பிடும் டி.என்.ஏ. பகுதிகள். அடிச்சாம்பல் கிருமிகளோடு பழகியவர்கள் வாயில்தான் காக்ஸ்2 என்ற வார்த்தை வரும். இணையதளத்தில் வைத்திருந்த மாதிரி ரிப்போர்ட்டும் பளிச்சென்று இருந்தது. 24 மாதிரிக்கான பணமும் அன்றைக்கே போய்விட்டது.

இப்போது வந்த ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள். "இலையிலிருந்து பிரித்து உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாரில் ஐந்து நாள் வளர்க்கப்பட்டது" என்று எழுதி, தட்டின் படத்தையும் போட்டிருக்கிறார்கள். அகார் என்பது ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் சத்துக்கூழ். இதற்குமேல் படிக்கவே வேண்டாம். அடிச்சாம்பல் கிருமி உயிருள்ள இலையில் மட்டுமே பிழைக்கும். செல்லுக்குள் உறிஞ்சுறுப்பை நுழைத்துத்தான் சாப்பிடும். அதன் பங்காளியான பைட்டாப்தோரா அகாரில் வளரும், இது வளராது. வளர்க்க வேண்டுமென்றால் நாற்றிலோ, ஈரத்தாளில் வைத்த பச்சை இலையிலோ தான். படத்தில் இருப்பது ஆலிவ் பச்சையில் வெல்வெட் மாதிரி ஒரு கூட்டம், தட்டின் அடிப்பக்கம் கறுப்பு. பழைய புள்ளிகளில் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் கிளாடோஸ்போரியம் என்ற பூஞ்சை அப்படித்தான் இருக்கும்.

அடுத்தது பெயர். 24-க்கும் ஒரே பெயர்: 'பெரனோஸ்போரா இனம்'. நாலு பயிரில் வெங்காயத்துக்கு மட்டும்தான் அது பொருந்தும், பெரனோஸ்போரா டிஸ்ட்ரக்டர். வெள்ளரியில் வருவது சூடோபெரனோஸ்போரா கியூபென்சிஸ், திராட்சையில் பிளாஸ்மோபாரா விட்டிகோலா, லெட்டூஸில் பிரெமியா லாக்டூகே. இதைப் பிரிக்க டி.என்.ஏ. கூடத் தேவையில்லை, 400 மடங்கு நுண்ணோக்கி போதும். இலையின் அடிப்பக்கம் மேலே பார்க்கும்படி ஈரத்தாள் விரித்த டப்பாவில் வைத்து, 18-20 டிகிரியில் ஓர் இரவு இருட்டில் விட்டால் காலையில் புதுப் பூசணம் எழும்பியிருக்கும். ஊசியால் கொஞ்சம் தூக்கி, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, வித்துத்தண்டு கிளை விடும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

பெரனோஸ்போராவில் கிளை இரண்டிரண்டாகக் குறுங்கோணத்தில் பிரிந்துபோய், நுனி கூர்ந்து வளைந்து முடியும். பிளாஸ்மோபாராவில் கிட்டத்தட்ட செங்கோணத்தில் கிளைகள், நுனி மொட்டை. பிரெமியாவைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். நுனி ஒரு குட்டிச் சாசர் போல விரிந்து, அதன் விளிம்பில் சின்னச் சின்ன முளைகள் இருக்கும், ஒவ்வொரு முளையிலும் ஒரு வித்து. கியூபென்சிஸில் வித்துப்பை சாம்பல் ஊதா நிறம், நுனியில் ஒரு காம்பு முளை. அதைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு இரண்டொரு மணி நேரம் விட்டால் நீந்தும் வித்துகள் வெளியே வரும். பெரனோஸ்போராவின் வித்து நீந்தாது, நேரே முளைக்குழாய்தான் விடும். லெட்டூஸ் மாதிரிகளுக்கு ரிப்போர்ட்டில் ஒட்டியிருக்கும் படத்தில் சாசரைத் தேடித் தேடிப் பார்த்தோம். இல்லை. அது வெங்காய மாதிரிக்குப் போட்ட அதே படம், திருப்பி வைத்திருக்கிறார்கள். இடது மூலையில் இருந்த காற்றுக்குமிழ் வலது மூலைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வித்தின் அளவுகளும் அப்படித்தான். வெங்காயத்துக்கும் வெள்ளரிக்கும் ஒன்றேபோல 25க்கு 18 மைக்ரான். கியூபென்சிஸ் 20-40 நீளம், 14-25 அகலம் என்பதால் வெள்ளரிக்கு அது சரி. டிஸ்ட்ரக்டரின் வித்து 40 மைக்ரானுக்குக் கீழே போகாது, 70 வரை நீளும். 50 வித்தாவது அளந்து சராசரி எடுக்க வேண்டிய இடத்தில் ஒன்றைக்கூட அளக்கவில்லை.

டி.என்.ஏ. பற்றி: 24-க்கும் செய்வதாகச் சொன்னார்கள், வந்தது இரண்டு வரிசை. காக்ஸ்2 பேச்சே இல்லை. பயன்படுத்திய பிரைமர் (எந்த டி.என்.ஏ. பகுதியைப் பெருக்குவது என்று தீர்மானிக்கும் சிறு துண்டு) ஐ.டி.எஸ்.1எஃப், ஐ.டி.எஸ்.4. முதலாவது பூஞ்சைக்கென்றே செய்தது. அடிச்சாம்பல் கிருமி பூஞ்சை இல்லை, ஊமைசீட் (பூஞ்சை மாதிரி தெரியும் வேறொரு உயிரினக் கூட்டம்). ஆகவே இலையில் தொற்றியிருந்த பூஞ்சையைத்தான் அது பெருக்கும். அந்த இரண்டு வரிசையையும் நாங்களே பிளாஸ்ட்டில் (டி.என்.ஏ. வரிசையைத் தரவுத்தளத்தோடு ஒப்பிடும் தேடல்) போட்டோம். இரண்டுமே கிளாடோஸ்போரியம்! அதை வைத்துக்கொண்டு கீழே 'பெரனோஸ்போரா உறுதி' என்று கையெழுத்து. சரியான பிரைமர் போட்டாலும் ஜென்பேங்க் தரவுத்தளத்தில் முதலில் வரும் பெயரை அப்படியே எழுதிவிடக் கூடாது என்பது வேறு விஷயம். துளசி இனச் செடியில் வருவதைப் பல காலம் பெரனோஸ்போரா லாமி என்றே பதிந்து வைத்திருந்தார்கள், 2009-இல்தான் அது பெல்பாரி எனத் தனி இனமானது. முட்டைக்கோஸ் குடும்பத்துக் கிருமிகளும் 2002-இல் ஹயலோபெரனோஸ்போராவுக்குப் போய்விட்டன. இவர்களுடைய மாதிரி ரிப்போர்ட்டில் இன்னும் பழைய பெயர்தான். பணம் கட்டுவதற்கு முன்னால் அது கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

பரிந்துரைதான் உச்சம்: நனையும் கந்தகமும் ஹெக்சகோனசோலும். இது பூஞ்சையால் வரும் சாம்பல் நோய்க்கு (பவுடரி மில்டியூ) அடிக்கிற மருந்து. அடிச்சாம்பலுக்கும் சாம்பலுக்கும் பெயரில்தான் ஒட்டு. ஹெக்சகோனசோல் தடுப்பது பூஞ்சையின் செல் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் உற்பத்தியை, இந்தக் கிருமி அதைத் தயாரிப்பதே இல்லை. அடித்தாலும் ஒன்று, அடிக்காவிட்டாலும் ஒன்று.

முதல் போனில், "மாதிரி அழுகி வந்துச்சு சார்." அழுகியதை எப்படிப் பெயர் வைத்தீர்கள் என்றால் பதில் இல்லை. இரண்டாவது போனில், "ரிப்போர்ட் சிஸ்டமே போடுறது, சயின்டிஸ்ட் லீவு." அகாரில் எப்படி வளர்ந்தது என்று கேட்டதற்கு, "எங்க மீடியா (வளர்ப்புக்கூழ்) ஸ்பெஷல்." 24 மாதிரிப் பணத்தைத் திருப்பிக் கேட்டால், "மறு ஆய்வுக்குப் பாதிக் கட்டணம் கட்டுங்க." 24 மாதிரிக்குக் கட்டியது போக இன்னொரு 12 மாதிரிக் காசு!

விவரமாகச் சொல்கிறோம் என்றோம், இப்போதைக்கு இதுதான் ஓடுகிறது. எந்த மீடியாவில் வளர்ப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள், பெயர் சொன்னால் போனை வையுங்கள். பிரைமர் பெயரை எழுத்தில் வாங்குங்கள். அளவுகோல் இல்லாத படத்தை ஏற்காதீர்கள். இலையைப் பிளாஸ்டிக் பையில் ஈரமாக அனுப்பாதீர்கள், 'அழுகிடுச்சு' என்று சொல்ல அதுவே சாக்கு. காகிதத்தில் அழுத்திக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் பாதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் வெள்ளரியும் திராட்சையும்தான் மிச்சம் இருக்கிறது, லெட்டூஸ் ஆறையும் முழுசாக அனுப்பித் தொலைத்துவிட்டோம்.