அம்மாவின் கிணற்றடிப் பாதைக்கு வாங்கிய நடைகற்கள்

மழை பெய்தால் எங்கள் கிணற்றடி வழி சேறாகிவிடும். அம்மாவுக்கு 72 வயது, வழுக்கிவிடுவாரோ என்று எனக்குப் பயம். போன வருஷம் ஒரு கடையில் வாங்கிய இலை வடிவ சிமென்ட் கற்கள் ஒரே மழைக்காலத்தில் சாயம் போய், ஓரம் உதிர்ந்துவிட்டன. மனசே விட்டுப்போனது.

இந்த முறை ஊருக்கு வெளியே உள்ள கல் பட்டறையில் 14 கடப்பா கற்கள், ஒன்றரை அங்குல கனத்தில். மெருகு போடாததைக் கேட்டு வாங்கினேன். சொரசொரப்பாக இருப்பதால் ஈரக்காலுக்கும் நல்ல பிடிப்பு.

ஒரு கல்லின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 2 அடி விடச் சொன்னார் பட்டறைக்காரர். சரி, அம்மாவை நடக்கவிட்டுப் பார்ப்போம் என்று பார்த்தால், அவர் காலடி எடுத்து வைக்கும் தூரம் ஒன்றரை அடிதான். அந்த அளவிலேயே பதித்தோம். அடியில் 2 அங்குலம் எம் சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) போட்டதால் ஒரு கல்லும் ஆடவில்லை.

கறுப்புக் கல் என்பதால் மதிய வெயிலில் நன்றாகச் சுடும். வெயில் விழும் இடமென்றால் வெளிர் நிற கிரானைட் வாங்குங்கள். அப்புறம், கடப்பா கல் ஒரு சுண்ணாம்புக்கல். எலுமிச்சைச் சாறு சிந்திய இடம் வெளுத்துவிட்டது. எங்கள் பாதைக்கு மாமர நிழல் இருக்கிறது. அம்மா இப்போது குடத்தோடு தயங்காமல் போய்வருகிறார்.