கேரவன் டாப் ஒழுகலுக்கு எந்த சீலண்ட் (அடைப்புப் பசை)?

சென்னை மின்ட், பிராட்வே பக்கம் ஹார்டுவேர் கடையில் "வண்டி டாப் ஒழுகுது" என்று சொன்னால் முதலில் கைக்கு வருவது சிலிக்கான் டியூப். மலிவு, பாத்ரூமுக்கு நல்ல சரக்கு. கேரவன் கூரைக்கு ஆகாது. வினிகர் வாடை அடிக்கும் ரகம் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். பெயிண்ட் உரிந்த தகட்டில் துரு ஏற அது போதும். எண்ணூர், காசிமேடு உப்புக்காற்றில் நிற்கும் வண்டிக்குக் கேட்கவே வேண்டாம். அதைவிடத் தொல்லை, சிலிக்கான் மேல் பெயிண்டும் பிடிக்காது, வேறு சீலண்டும் ஒட்டாது. அடுத்து சுரண்டுகிறவர் பாடு திண்டாட்டம்.

எம்-சீல் என்ற எபாக்சி மாவைப் பிசைந்து அப்புவதும் வழக்கத்தில் இருக்கிறது. இறுகினால் கல்தான், வளையாது. 5 மீட்டர் இரும்புக் கூரை காலை சூட்டைவிட 35 டிகிரி ஏறினால் சுமார் 2 மி.மீ. நீளும்; அலுமினியம் என்றால் 4. சாயங்காலம் மறுபடி சுருங்கும். மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரிகளோடு குலுங்குவது தனிக்கணக்கு. விளிம்பில் மயிரிழை விரிசல் விட்டால் அதன் வழியே தண்ணீர் இறங்கிவிடும்.

பாலியூரித்தேன் சீலண்டுக்குப் பிடிப்பு அபாரம். சிகாஃப்ளெக்ஸ் 221 இந்த ரகம். தகடு மேல் தகடு ஏறும் ஜாயின்ட்டுக்குள் தாராளமாகப் போடலாம். வெளியே விட்டால் வெயிலில் பழுத்து மேலே வெடிக்கும், பெயிண்ட் அடித்து மூட வேண்டும். அக்ரிலிக் ஜன்னலில் மட்டும் வேண்டாம், அந்தப் பிளாஸ்டிக்கில் கீறல் விடும்.

தகடுகள் சேரும் வெளிப்பக்கத் தையலுக்கு எங்கள் ஓட்டு எம்எஸ் பாலிமர் என்ற சீலண்டுக்கு. விலை கூடத்தான், ஆனால் வெயில் தாங்கும், ரப்பர் மாதிரி இழுபடும், பெயிண்டும் ஏற்கும். ரூஃப் ஹேட்ச் (கூரைத் திறப்பு மூடி) போலக் கழற்றி மாட்டுவதற்கு பியூட்டைல் டேப் என்ற ஒட்டும் ரப்பர் நாடா. அது இறுகவே இறுகாது. ஸ்க்ரூவை முடுக்கி, மறுநாள் இன்னொரு தடவை முடுக்கி, பிதுங்கியதை வெட்டிவிட வேண்டும்.

உள்ளே சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடாதீர்கள். தண்ணீர் கூரைச் சட்டம் வழியே ஓடி வந்து விழும். ஹோஸை கீழிருந்து மேலாக, இடத்துக்கு 5 நிமிடம் பிடிக்கவும். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒன்றாக நனைந்து எது ஓட்டை என்றே தெரியாது. கேரியர் போல்ட், ஹேட்ச் மூலை, மார்க்கர் லைட் ஒயர் துளை, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

பழைய சீலண்டை முழுக்கச் சுரண்ட வேண்டும். மேலே பூசி மறைத்தால் ஒரு மழை கூடத் தாங்காது. உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்து எபாக்சி பிரைமர். பிரைமர் காய்ந்த பின் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைக்கவும். மண்ணெண்ணெய் வேண்டாம், எண்ணெய்ப் பசை நிற்கும். தகடு 40 டிகிரி தாண்டும் முன், காலையிலேயே வேலை முடிய வேண்டும். 6 மி.மீ. உருளைக் கோடு என்றால் 300 மி.லி. டியூப் சுமார் 10 மீட்டர் வரும். பாலியூரித்தேன், எம்எஸ் பாலிமர் இரண்டும் ஈரப்பதத்தில் காயும் சரக்கு. நம்ம ஊர் புழுக்கத்தில் சீக்கிரம் ஆடை கட்டும் என்பதால் இழுத்த கையோடு தேய்த்துவிடுங்கள். உள்ளே நாளுக்கு 2–3 மி.மீ.தான் காயும். மூன்று நாள் கழித்தே ஹோஸ் சோதனை.

வாங்கும்போது டியூபின் தேதியைப் பாருங்கள், அமுக்கியும் பாருங்கள். கெட்டியாக இருந்தால் தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.