உள் லைனிங் டக்டுக்கு டிடிஎஃப் ஜாயின்ட்: ரிப்பேருக்குப் பிறகு

சென்னை அலுவலகம் ஒன்றின் ஏஎச்யூவிலிருந்து (காற்றைக் குளிரவைத்து அனுப்பும் ஏ.சி. பெட்டி) கிளம்பும் சப்ளை டக்ட், அதாவது குளிர்காற்றை அறைக்குக் கொண்டுபோகும் தகரக் குழாய். முதல் சில மீட்டருக்கு உள்ளே 25 மி.மீ. கிளாஸ் வூல் லைனிங், ஜாயின்டெல்லாம் டிடிஎஃப், அதாவது தகரத்தின் விளிம்பையே மடித்து ஃப்ளேஞ்சாக்கி (இணைப்பு விளிம்பு) பூட்டும் வகை. ஃபால்ஸ் சீலிங்கில் ஈரக்கறை வந்ததால் இரண்டு ஜாயின்டைப் பிரித்து மறுபடி பூட்டியாயிற்று. அந்தக் கையோடு எழுதுகிறேன்.

சத்த விஷயத்தில் குறையே இல்லை. ஃபேன் இரைச்சல் அறைக்குள் வருவதில்லை. டிடிஎஃப்பும் நல்ல ஏற்பாடுதான். ஃப்ளேஞ்ச் ஷீட்டிலேயே உருண்டு வருகிறது. தனியாக இரும்பில் செய்து பொருத்தும் ஆங்கிள் ஃப்ளேஞ்சுக்கு வேண்டிய ரிவெட், துளை எதுவும் கிடையாது. முனைக்கு நாலு கார்னர் பீஸ், ஜாயின்டுக்கு நாலு போல்ட், இடையில் கிளீட் (இரண்டு ஃப்ளேஞ்சையும் சேர்த்துக் கவ்வும் கிளிப்), அவ்வளவுதான். லைனிங் இல்லாத டக்டில் இதைத் தவிர வேறு ஜாயின்டை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கோபமெல்லாம் லைனர், அதாவது அந்த கிளாஸ் வூல் லைனிங், முடியும் விளிம்பின் மேல். ஃபிட்டர்கள் லைனரை ஃப்ளேஞ்ச் முகத்தோடு சமமாக வெட்டி நிறுத்திவிடுகிறார்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் நடுவே காற்று கசியாமலிருக்க வைக்கும் கேஸ்கெட் பட்டை இருக்கிறதே! 3 மி.மீ. கேஸ்கெட் இறுக்கியபின் 2 மி.மீ. ஆகிவிட்டால், இரண்டு லைனருக்கும் நடுவே அதே 2 மி.மீ. சந்து சுற்றிலும் நிற்கும். 13 டிகிரி காற்று அந்தச் சந்து வழியே நேராகத் தகரத்தைத் தொடும். வெளியே, சீலிங்குக்கு மேல், சென்னைக் காற்றின் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 25 டிகிரியை ஒட்டி இருக்கும். ஃப்ளேஞ்ச் வியர்க்காமல் என்ன செய்யும்? லைனிங்கே இன்சுலேஷன் என்று வெளியில் ஒன்றும் சுற்றாமல் விட்டால் இந்த ஒரு கோட்டில்தான் சொட்டும்.

ஆகவே ஒவ்வொரு முனையிலும் லைனர் 2 மி.மீ. வெளியே தள்ளி நிற்க வேண்டும். பூட்டும்போது ஒன்றையொன்று அழுத்தும். 5, 6 மி.மீ. தள்ளினாலோ கேஸ்கெட் உட்காராது, நீளப் பக்கத்தின் நடுப்பகுதி பிதுங்கி அங்கே காற்று கசியும். கிளீட் அடித்துச் சரிசெய்யப் பார்ப்பார்கள், சரியாகாது. பிரித்து வெட்டுவதே வழி.

வெட்டிய விளிம்பைப் பச்சையாக விடக்கூடாது. எட்ஜ் கோட்டிங் பூசி, காய்ந்த பிறகே பூட்டுங்கள். முனையிலிருந்து 75 மி.மீ.க்குள் லைனரைத் தகரத்தோடு பிடிக்கும் பின் (ஆணி) முதல் வரிசை இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பசை விட்ட இடத்தில் காற்று டிஷ்யூவை (லைனரின் மேலுறை) கிளப்பி, இழை இழையாகப் பிய்க்கும். பின் வாஷரை லைனர் பள்ளம் விழும்படி அழுத்துவதும் தப்பு. ஃபேன் வாயிலும், வெறும் டக்ட் முடிந்து லைனிங் தொடங்கும் இடத்திலும், காற்று வந்து மோதும் விளிம்புக்கு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டை மூக்குபோல் மடித்துப் போட்டே ஆக வேண்டும். எங்கள் டக்டில் அது போட்டிருந்தது. அந்த விளிம்பு இன்றும் புதிதாகவே இருக்கிறது. நியாயமாகச் சொல்ல வேண்டும் அல்லவா.

கார்னர் பீஸ் சந்துக்கான சீலன்ட்டை லைனர் ஒட்டுவதற்கு முன்பே வைக்க வேண்டும். பிறகு உள்ளே கை போகாது. அளவிலும் கவனம்: லைனிங்குக்கு உள்ளே 600 x 300 மி.மீ. காற்றுவழி வேண்டுமானால் தகரம் 650 x 350. டிராயிங்கில் எது எந்த அளவு என்று எழுதாத இடத்தில் இரண்டு துண்டும் ஜாயின்டில் சந்திக்காது.

இத்தனை சரியாகச் செய்தால் ஜாயின்ட் நிற்கும், இப்போது நிற்கிறது. ஆனால் இன்னொரு முறை உள் லைனிங் டக்டை எடுப்பேனா என்றால், மாட்டேன். பூட்டியபின் கண்ணுக்குத் தெரியாத ஒரு விளிம்பை நம்பி சீலிங்கை மூட மனம் வரவில்லை. அடுத்த பிளான்ட் ரூமுக்கு லைனிங் இல்லாத டக்ட், அதே டிடிஎஃப், வெளியே ஃப்ளேஞ்சையும் சேர்த்து மூடும் நைட்ரைல் ரப்பர், சத்தத்துக்குத் தனி அட்டெனுவேட்டர் (டக்டில் பொருத்தும் சத்தம் குறைக்கும் பெட்டி). அதனால் கூடும் பிரஷர் டிராப்பை (காற்றழுத்த இழப்பு) ஃபேன் தேர்வு செய்யும்போதே கணக்கில் சேர்க்கச் சொல்லிவிடுவேன்.